மூன்று முறை கூப்பிடுவார்கள்

...தூங்கட்டும், நன்றாகத் தூங்கட்டும், ராமாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த களைப்பு, மைசூர் கோர்ட் மரத்தடி மேடையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான் சேகரன், அக்கா ராணியைக் கட்டியவன், வைஷாலியைப் பெற்றவன், பெற்றதோடு சரி என்று போனவன். வராந்தாத் தூணில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள் பாப்பாத்தி. இப்போது டவாலி பெயர் கூப்பிடுவான், மூன்று முறை கூப்பிடுவார்கள், ஆள் வராவிட்டால் வாய்தா, போன வாய்தாவுக்கும் வராதவன், இன்றும் இல்லையென்றால் வாரண்ட் கேட்கலாம் என்று வக்கீல் பசவராஜே சொல்லியிருக்கிறார். வாரண்ட்... போலீஸ் ராமாபுரம் போகும், புதுப் பெண்டாட்டி வாசலில் நிற்க, தெருவே பார்க்க, சட்டை மாட்டக்கூட விடாமல் கூட்டி வரும். சாமுண்டி மலைப் படி ஏறும்போதெல்லாம் இதைத்தானே கேட்டாள், அம்மா தாயே, அவன் தலை குனிய வேண்டும், நான் பார்க்க வேண்டும்...

மஞ்சள் காமாலை முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இட்லி வாங்கிட்டு வந்தர்றேன், பாத்துக்கோ பாப்பாத்தி" என்று போனவன். பதினோரு நாள். இட்லி காசியிலா விற்றது? வந்துருவாரு, பஸ் கிடைச்சிருக்காது என்று கதவைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள் அக்கா, செத்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பஸ் பேச்சை எப்படித் தாங்குவது... காரியம் முடிந்த பிறகு வந்து மூலையில் உட்கார்ந்து அழுதான், வருஷம் திரும்புமுன் மாலை மாற்றிக்கொண்டான். மூன்று வயதுக் குழந்தையை இவளிடம் விட்டுப் போனவன் நான்கு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பொங்கலுக்குத்தான் ஆள்விட்டான், பிள்ளைக்கு ஏழு வயசாச்சே, அனுப்பு, கைக்குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும் என்று. பெற்றவன் வந்து கேட்டால் தடுக்க இவளிடம் என்ன காகிதம் இருந்தது? அதனால்தான் கார்டியன் மனு. ஊர்ப் பெரியவர்கள் பேசி எப்படியோ சரி என்று தலையாட்டியிருக்கிறான்.

"நோடம்மா, ஆட்சேபணை இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா சாகு, அதே போதும், ஆர்டர் ஆகிடும். நீ அவர்கிட்ட சண்டை மாடபேடா, வேண்டாம். இன்னைக்கு ஒப்புக்கிட்டாரு, நாளைக்கு வீட்டம்மா மாத்திட்டா?" என்றார் காலையில் பசவராஜ்.

"சேகரன்..." டவாலியின் குரல். மரத்தடியில் அசைவில்லை. இவளும் அசையவில்லை. "சேகரன்..." அடுத்த வாரம் கோடை விடுமுறை, வாய்தா போட்டால் ஜூனுக்குத்தான், அதற்குள் ஒருநாள் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டால்... இவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொள்ளாமல் தூங்காதே அது, அங்கே யார் முந்தானை இருக்கிறது? வாரண்டா, வைஷாலியா? கொஞ்ச நேரம், ஒரே ஒரு நொடி, வாரண்டே இனித்தது, சாமி மன்னிக்கட்டும். டவாலி மூன்றாவது முறைக்கு மூச்சு இழுத்தான்.

"மாமா" என்று கத்தினாள் பாப்பாத்தி.

தூக்கிவாரிப்போட்டு எழுந்தான். இவளைப் பார்க்கவில்லை, இவளைத் தாண்டி வராந்தாவின் அந்தக் கோடிவரை, திரும்பி கேட் பக்கம், கண் அலைய யாரையோ தேடினான்... அப்போதுதான் உறைத்தது. அக்காவும் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள், இரண்டு பேருக்கும் ஒரே குரல், இரண்டு பேரும் வேலை பார்த்த ஊதுபத்திக் கம்பெனியில் மேஸ்திரிகூட ஆள் மாற்றிப் பேசுவார். கடைசியில் இவள்மேல் கண் நின்றதும் அவன் முகம் அப்படியே இற்று விழுந்தது.

"கூப்பிட்டது நீயா?"

"உள்ள கூப்பிடறாங்க. போங்க."

ஆட்சேபணை இல்லைங்க என்றான் கூண்டில், தலை நிமிராமல், அவள் வேண்டிக்கொண்டதுபோலவே. ஜட்ஜ் எழுதினார், பசவராஜ் இவளைப் பார்த்துத் தலையசைத்தார். வைஷாலி இனி எங்கேயும் போக மாட்டாள். வெளியே குழாயடியில் அவன் தண்ணீர் குடித்தான், பாதி சட்டையில் வழிந்தது. "கேன்டீன் அந்தப் பக்கம் இருக்கு, வெறும் வயித்தோட பஸ் ஏறாதீங்க..." யார் சொன்னது? தன் வாய்தான். அவன் தலையாட்டிவிட்டு, கேன்டீன் பக்கம் போகாமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். வீட்டில் பிள்ளை கேட்கும், அப்பா வந்தாரா என்று. வந்தார் எனலாம், சரி என்று சொன்னார் எனலாம். எழுந்ததும் யாரைத் தேடினார் என்பதை மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் அது அவனுக்காக இரக்கப்பட்டுவிடும் என்று பயந்தாள், பிள்ளையை நினைத்துத்தானா அந்தப் பயம்...