ஹீற்றருக்குப் பக்கத்தில் முட்டைகள்

1
இந்தக் கதை என்னுடையதில்லை. பாரிசின் லாச்சப்பல் பகுதியில் என் மேல்வீட்டுக் கோசலை அக்கா இன்று காலை படியில் நின்று அழுததால் வந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரினம், பாரிசின் ஐந்தாம் மாடியில்—’ சரிவரவில்லை. பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது.

2
அக்காவின் மகள் சாம்பவி பல்கலைக்கழகத்தில் சலமாண்டர் என்ற நீர்ப்பல்லிகளின் இனப்பெருக்கம் பற்றிப் படிக்கிறாள். வீட்டுத் தொட்டியில் ஒரு சோடி வளர்க்கிறாள். இயற்கையில் இவை மெக்சிக்கோவின் சில வாய்க்கால்களில்தான் மிச்சம். (ஆண் தண்ணீருக்கடியில் ஆடி ஆடி விந்துப் பொட்டலங்களை வைத்துவிட்டுப் போகும், பெண் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும். அக்காவிடம் சொன்னேன். “சீ, இதுவும் ஒரு குடும்பமே?” என்றார்.) முட்டைகள் குஞ்சு பொரித்தால்தான் சாம்பவியின் இந்த வருட ஆய்வு தப்பும்.

3
தொட்டியைக் குளிராக வைக்கச் சொல்லிவிட்டுச் சாம்பவி ஒரு கிழமை லீல் நகரத்துக்குப் போனாள். அவள் போன அன்றே பெண் முட்டையிட்டது. முட்டையிட்டபின் சட்டம் வேறு என்று அக்கா நினைத்துவிட்டார்.

“பிள்ளை பெத்த உடம்பெல்லே தம்பி, குளிர் படக்கூடாது. அதுதான் ஹீற்றரடிக்குத் தள்ளி வைச்சனான்.”

[இவ்வளவு காலம் பாரிசில் இருப்பவர் இப்படிச் செய்வாரா? நம்ப முடியவில்லை. ஆனால் சாம்பவியைப் பெற்ற பனிக்காலத்தில் அக்காவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. இந்த வரியை வைக்கவா, வெட்டவா?]

குளிர்நீரில் வளர வேண்டிய முட்டைகள்; வெளுத்தால் செத்துவிட்டதென்று அர்த்தம். நேற்று, அவை வெளுக்கத் தொடங்கியபின், சாம்பவி தொலைபேசியில் கேட்டாள்: “சா வா, மமோ? சுகமா அம்மா? முட்டையெல்லாம்?”

“ஓம், ஓம்” என்றாராம் அக்கா.

4
முடிவு ஒன்று: எல்லாம் செத்துவிட்டன, மகள் தாயோடு பேசுவதில்லை. முடிவு இரண்டு: எல்லாம் பொரித்துவிட்டன. (எழுதவே வெட்கமாக இருக்கிறது.) முடிவு மூன்று: சாம்பவி தாயைக் கட்டிப்பிடித்து—

தெரியவில்லை.

5
இப்போது நானும் அக்காவும் தொட்டிக்கு முன்னால் நிற்கிறோம். சாம்பவி கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டாள். நடந்து வரும் தூரம்தான். முட்டைகள் எல்லாம் வெள்ளை. ஒன்றில் மட்டும் கறுப்பாக ஏதோ சுருண்டிருக்கிறது. அது அசைந்தது.

“கண்டனியே தம்பி? நீ எழுதிறனிதானே. உயிரிருக்கெண்டு எழுது.”

அந்த நேரம் பார்த்து யன்னலுக்கு வெளியே பாலத்தில் மெற்றோ போய்க்கொண்டிருந்தது. அது போனால் இந்த வீட்டில் தேத்தண்ணிகூட ஆடும். அசைந்தது முட்டைக்குள் இருப்பதா, தண்ணீரா? சத்தியமாக எனக்குத் தெரியாது. பயமாகவும் இருக்கிறது.

படியில் காலடிச் சத்தம். மெற்றோ போய்விட்டது. தண்ணீர் ஓய்ந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்கள் குனிந்து பார்த்து, அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள்.