ஐந்து வாட் தூரம்

1

கண்ணாடி உடைந்தது.

இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. வேறொரு தொடர்கதையின் கதாநாயகியை எப்படிக் காப்பாற்றுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பிளந்துகொண்டு ஓர் ஈயக்குண்டு மேஜைமேல் விழுந்தது. குண்டில் நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை மேல் வீட்டு லிப்ட் மெக்கானிக்கின் கையில் இருந்தது. வானொலி ஏரியல் கம்பியை இழுத்துக் கட்ட எதிர் மரத்தைத் தாண்ட வேண்டிய குண்டு, கிளையில் இடறி என்னிடம் வந்துவிட்டது.

"சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவருக்குப் பின்னால் அவர் மனைவியின் குரல்: "அஞ்சு வாட்டுக்கே ஒரு ஜன்னல் காலி. அம்பது வாட் வச்சிருந்தா கட்டடமே போயிருக்கும்!"

துடைப்பத்தோடு ஓடிவந்தார். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். போக விட்டிருக்கலாம். நான் டீ கொடுத்து உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். (இந்த டீயை மறந்துவிடாதீர்கள். கதையில் என் பங்கு இது ஒன்றுதான்.)

2

அன்று அவருக்கு வானொலிப் போட்டி. தங்கள் வீட்டு வானொலிக் கருவியால் ஊர் ஊராகப் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்கள் நடத்துவது. ஐந்து வாட்டுக்கு மேல் சக்தி கூடாது. படுக்கையறையில் மினுக்கும் சின்ன பல்பு அளவு. அதை வைத்துக்கொண்டு புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில் தட்ட வேண்டும். யாராவது பதில் தந்தால் இருவரும் தங்கள் அடையாளமான அழைப்புக்குறி, சிக்னலுக்கு மதிப்பெண்*, சக்தி மூன்றையும் பரிமாறிக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த ஆள்.

"ஜெயிச்சா என்ன தருவாங்க?"

"ஒரு காகிதம் சார். அதுக்கா உட்கார்றேன்? எங்க அண்ணன் ஒவ்வொரு வருஷமும் இதுல வருவாரு. பேச்சுவார்த்தை நின்னு போச்சு. ஆனா போட்டியில யார் கூப்பிட்டாலும் பதில் குடுக்கிறதுதான் முறை. அவர் காதுல நான் விழுந்தா போதும்."

(*எல்லோருக்கும் முழு மதிப்பெண்தான். சரியாகக் கேட்காவிட்டாலும் அதையே தருவது இவர்கள் வழக்கம். என் விமரிசகர்களுக்கு இதை யாராவது கற்றுத் தரலாம்.)

3

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

'அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூட்டில் வளர்ந்த' — வேண்டாம்.

'மௌனத்துக்கும் ஓர் அலைவரிசை உண்டு' — இதை எழுதிய கையை நானே அடித்தேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தில் கிடந்தார். இனி பயனில்லை என்றார் டாக்டர். அண்ணன் ரயிலில் வந்துகொண்டிருந்தார். தம்பி காத்திருக்கவில்லை; நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் வந்து சேர்ந்தபோது படுக்கையில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையாடா?"

அதுதான் அவர் தம்பியிடம் கடைசியாகப் பேசியது. அப்பா பட்ட அவஸ்தையைப் பார்க்க முடியவில்லை என்று தம்பி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

4

அண்ணனின் தொழில் காது கேட்கும் கருவி விற்பது. (நீங்கள் நம்ப மாட்டீர்கள். செருப்புக் கடை என்று மாற்றிப் பார்த்தேன், பாத்திரம் நொண்டியது.) அவர் ஊர் மலைக்கு அந்தப் பக்கம்.

அன்று காலை முழுதும் மெக்கானிக் தட்டினார். பதில் இல்லை. மற்றவர்கள் தட்டுவதும் கேட்கவில்லை, வெறும் இரைச்சல். சூரியனில் கொந்தளிப்பு என்றால் வானொலிக்கு இப்படி ஆகுமாம். சோறு ஆறிப்போனது. மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, சக்தியைக் கொஞ்சம் ஏத்தி வைங்களேன். யாரு வந்து பார்க்கப் போறா?"

"ஏத்தி வச்சா அவருக்குக் கேட்கும்டி. ஆனா அஞ்சு வாட்னு பொய் சொல்லணும். அவர்கிட்டயா?"

அப்புறம்தான் வந்தது ஒரே ஒரு பதில். அண்ணனின் அழைப்புக்குறி. முழு மதிப்பெண். ஐந்து வாட். முறைப்படி தர வேண்டியதைத் தவிர ஒரு புள்ளிகூடக் கூடுதலாக இல்லை. தம்பி நன்றி தட்டினார். மலை தாண்டித் தன் சத்தம் போயிருக்கிறது என்று எழுந்து நின்றார். அந்தக் கம்பியைக் கும்பிடலாம் போல இருந்ததாம்.

கம்பியிலிருந்து வந்த கேபிள், ஜன்னல் ஓரம் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

5

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சக்தியை ஐந்து வாட்டுக்குச் சரிசெய்யும்போது யாருக்கும் தொந்தரவு கூடாது என்று கருவியை ஒரு தகர டப்பாவில் மாட்டுவார்கள். பெயர் டம்மி. சிக்னலை வாங்கிச் சூடாக்கி விழுங்கிவிடும். சரிசெய்த பிறகு டம்மியைக் கழற்றிவிட்டுக் கம்பியை மாட்ட வேண்டும். அன்று அந்த இடைவெளியில்தான் என் ஜன்னல் உடைந்தது, நான் டீ கொடுத்தேன், அவர் போட்டிக்கு நேரமாகிவிட்டதென்று மேலே ஓடி, கம்பியை மரத்தில் கட்டிவிட்டு, டம்மியைக் கழற்ற மறந்து தட்ட உட்கார்ந்தார். காலை முழுதும் அவர் தட்டியது அந்த டப்பாவுக்குள்.

டப்பாவிலிருந்து கசிவது பக்கத்துத் தெருவைத் தாண்டாது. மலையை எங்கே தாண்டுவது?

அப்படியானால் பதில் சொன்னவர் தெருவில் இருக்கிறார்.

தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். மரத்தடியில், கூரையில் கம்பி நட்ட ஒரு கார். படியில் இறங்கி ஓடினார். என் ஜன்னலின் உடைந்த கண்ணாடியை மாற்ற வந்த அன்று மெக்கானிக் இதுவரைக்கும்தான் சொன்னார். அதற்குள் வேலையிலிருந்து போன் வந்துவிட்டது; எங்கோ லிப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள்.

6

இந்த அண்ணனை என்னால் நம்ப முடியவில்லை. மலையைச் சுற்றி அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தவர், லிப்ட் இருக்கிற கட்டடத்தில் மேலே வராமல் கீழேயே உட்கார்ந்திருப்பாரா? ஆனால் நானும் ஒரு வீட்டு வாசல்வரை போய் — [இது என் கதையல்ல. வெட்டிவிடுகிறேன்.]

பத்திரிகை ஆசிரியர் போனில், "சுபமா முடிச்சிடுங்க, வாசகிங்க அழணும், ஆனா சந்தோஷமா அழணும்" என்றார். இரண்டு முடிவு தயார் செய்தேன்.

(அ) கார்க் கதவு திறக்கிறது. அண்ணன் இறங்குகிறார். "டேய்" என்கிறார். மீதி ஓவியருக்கு.

(ஆ) தம்பி வாசலுக்கு வருவதற்குள் கார் போய்விட்டது. மரத்தடியில் கார் நின்ற இடத்தில் நிழல் மட்டும் இருக்கிறது.

உங்களுக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நான் கேட்கும் சன்மானம் ஒன்றுதான். ஆனால் எழுதியதை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. மொட்டைமாடிக்குப் போனேன். கம்பியை அவிழ்த்து முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டையும் படித்தேன். சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"ரெண்டாவது பரவாயில்ல சார். அதையே போட்டுடுங்க."

"அப்போ அண்ணன் கிளம்பிப் போயிட்டாரா?"

கம்பியின் முனை வந்துவிட்டது. சுற்ற மேலும் எதுவும் இல்லை.

"இருந்தாரு சார். காதுல ஹெட்போனை மாட்டிட்டு, நான் திரும்பத் தட்டுவேன்னு குனிஞ்சு உட்கார்ந்திருந்தாரு. நான்தான் கூப்பிடாம மேல வந்துட்டேன்."