கண்ணுக்கு ஒரு சொட்டு

மேற்குத் தெரு துர்காதேவி வீட்டுச் சேவல் கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமடிக்கிறது என்று குழாயடியில் யாரோ சொன்னது காஞ்சனாவின் காதில் விழுந்தது. நிறைந்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

சொன்னது உண்மைதான். சேவலின் தலை முதுகுப் பக்கம் திருகிப்போய், அலகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் நடக்கப் பார்த்துப் பின்னால் போய் விழுந்தது. சுவரோரம் இரண்டு பெட்டைகள் இறக்கையைத் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. வாசலெங்கும் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல்.

"முந்தாநேத்து வரைக்கும் நல்லா மேஞ்சிக்கினு இருந்துச்சிங்க," என்றாள் துர்காதேவி. அழுது முகம் வீங்கியிருந்தது. "காலைல கூண்டைத் தொறந்தா பாதி செத்துக் கெடக்குது."

"செத்ததை எங்க போட்ட?"

"எங்க போடுவாங்க? ஓடைலதான்."

அந்த ஓடை காஞ்சனாவின் கொல்லையை ஒட்டித்தான் போகிறது. காக்காய் கொத்தும், நாய் இழுத்து வரும். காஞ்சனா திரும்பி நடந்தாள். வாசலில் கால் வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, காலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கொல்லையில் அவளுடைய கோழிகள் வழக்கம்போலச் சீய்த்துக்கொண்டிருந்தன. அவளைக் கண்டதும் கழுத்தை நீட்டி ஓடிவந்தன. செவலை எப்போதும் முதலில் வரும். முட்டையிட்டுவிட்டால் தறிக்கொட்டகையின் ஜன்னலில் ஏறி நின்று, தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தி ஊரைக் கூட்டும். காஞ்சனா போய் அந்த முட்டையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் இறங்கும். நாளெல்லாம் பவர்லூம் சத்தத்தில் காது அடைத்துப்போய் வருகிறவளுக்கு, காலை நீட்டி உட்கார்ந்து அரிசி நொய்யை இறைத்தால் விரலிடுக்கில் அவை கொத்துவதுதான் ஓய்வு. மூலையில், உமி பரப்பிய கூடையில் சாம்பல் பெட்டை அடையில் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணையும் பின்பக்கத்தையும் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தன. உடனே கூடைகளைக் கவிழ்த்து மூடினாள்.

மூடி என்ன பயன்? கொல்லை பொதுக் கொல்லை. அவள் கணவன் நாகேந்திரனும் அவன் அண்ணன் சடகோபனும் வீட்டை இரண்டாகத் தடுத்துக்கொண்டார்கள், தறிக்கொட்டகையையும் கொல்லையையும் பிரிக்கவில்லை. சடகோபனின் மனைவி ரத்னம்மாவின் கோழிகள் அதே மண்ணில்தான் மேய்ந்தன. இப்போதும் அவை ஓடைப் பக்கமிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன.

ரத்னம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவளும் காஞ்சனாவும் பேசிப் பல மாதங்களாகின்றன. காஞ்சனாவின் கோழி ஒன்று கொட்டகைக்குள் புகுந்து, தறியில் புதிதாக ஏற்றிய பாவு நூலின் மேல் நடந்து இழைகளை அறுத்துவிட்டது. ரத்னம்மா கட்டையை வீசினாள், கோழி நொண்டியது. அன்று இருவரும் பேசிய பேச்சுக்குப் பிறகு பேச ஒன்றும் மிச்சமில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்று நெய்தார்கள். அவர்கள் மனைவிமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"அண்ணிகிட்ட சொல்லு," என்று கணவனிடம் சொன்னாள். "கோழிய வெளிய வுடவேணான்னு சொல்லு. மேற்குத் தெருவுல கழிச்சல் வந்துடுச்சி."

நாகேந்திரன் போய்விட்டுத் திரும்பி வந்தான். "மஞ்சளும் வேப்பந்தழையும் அரைச்சி ஊத்திட்டாங்களாம். அவங்க கோழிக்கு ஒண்ணியும் வராதாம்."

கால்நடை மருந்து விற்கும் கடையில் கேட்டாள். சொட்டு மருந்து திருப்பதியிலிருந்து வர வேண்டும், சொல்லிவைத்தால் இரண்டு மூன்று நாளில் வரும் என்றார்கள். இரண்டு மூன்று நாளில் இங்கே என்ன இருக்கும்? அவள் பிளாஸ்கைக் கழுவினாள்.

"கோழிக்காகத் திருப்பதி வரைக்கும் போறியா?" என்றான் நாகேந்திரன். "செத்தா வேற வாங்கிக்கலாமே."

"நீ வாங்கிக்குவ," என்றாள் காஞ்சனா. பிளாஸ்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டாக்டர் சுஷ்மிதாவின் சின்ன கிளினிக். நாய்க்குட்டியோடு காத்திருந்தவர்களுக்கு நடுவே காஞ்சனா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் டாக்டரம்மா அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கொக்கெர தெகுலு," என்றார். "ஜாக்ரத்தகா வினண்டி." அந்தக் கழிச்சல் நோய்க்குத் தெலுங்கில் அதுதான் பெயர். கவனமாகக் கேட்கச் சொல்லிவிட்டுத் தெலுங்கிலேயே நிதானமாக விளக்கினார். மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும், சூடு பட்டால் வெறும் தண்ணீர். கலக்கிவிட்டால் உடனே போட்டு முடித்துவிட வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு போதும். ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும், அதனால் அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் போடுவது நல்லது. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். ஏற்கெனவே நோய் உள்ளே புகுந்திருந்தால் சொட்டு காப்பாற்றாது. வெளியே தெரியாமல் நோயைச் சுமக்கிற கோழி, சொட்டு போட்ட பிறகும் சாகும். சோர்ந்து நிற்கிற கோழிக்குப் போடவே கூடாது. "செத்தால் மருந்துதான் கொன்றது என்று சொல்வார்கள். தெரிந்துகொண்டு போடுங்கள்."

காஞ்சனா தலையாட்டிவிட்டு, மருந்துக் குப்பியை ஐஸ் கட்டிகளோடு பிளாஸ்கில் வாங்கிக்கொண்டாள்.

ரேணிகுண்டா தாண்டும்வரை பஸ் நன்றாகத்தான் வந்தது. வடமாலப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கிவிட்டன. வெயில் பஸ்ஸின் தகரத்தைக் காய்ச்சியது. பிளாஸ்கைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கட்டிகள் மோதும் சத்தம் போய், தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. கண்டக்டரிடம் எப்போது கிளம்பும் என்று கேட்டதற்கு அவர் கையை விரித்தார்.

இறங்கி நடந்தாள். சாலையோரப் புளியமரத்தடியில் கரும்புச் சாறு வண்டி. நின்றுபோன வண்டிகளிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் அங்கேதான் மொய்த்தது. சாக்குப் பைக்குள் இருந்த ஐஸ் பாளம் கரைந்து முழங்கையளவாகச் சுருங்கியிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் ஐஸ் குடு. இதுல மருந்து வச்சிக்கீறேன்."

வண்டிக்காரர் தலை நிமிரவில்லை. "ஜூஸுக்கே பத்தாதும்மா."

"சூடு பட்டா வீணாப் போயிடும்ணா. கோழிங்களுக்கு."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். வண்டிக்காரர் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "கொக்கெரவா?" என்றார். அவள் ஆமாம் என்றதும் சுத்தியலை எடுத்துப் பாளத்தில் ஓர் ஓரத்தை உடைத்து அவள் நீட்டிய பிளாஸ்கில் போட்டார். "போன வருஷம் எங்க வூட்ல ஒண்ணுகூட மிஞ்சல," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார்.

நகரியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொல்லைக்கு வந்தவள் அப்படியே நின்றாள். வேப்பமரத்தடியில் ரத்னம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அவளுடைய வெள்ளைப் பெட்டை, கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. மற்றவை சுற்றி மேய்ந்தன.

வந்துவிட்டது. ஓடையைத் தாண்டி, இந்தக் கொல்லைக்கே வந்துவிட்டது.

காஞ்சனா என்ன செய்வது? தன் கூடைகளை வீட்டுக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு போடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ரத்னம்மாவின் கோழிகளைத் தொட்டு, அவை செத்தால், இந்த வீட்டில் ஒரு நாளும் அவளால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. தொடாவிட்டால் நாளைக்கு எல்லாம் ஒன்றாகக் கழியும். கையிலிருந்த பிளாஸ்க் கனத்தது.

"அக்கா," என்றாள்.

ரத்னம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்த வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மருந்து வாங்கிக்கினு வந்துக்கீறேன். நல்லா கீறதையெல்லாம் புடிச்சிக் கூடைல போடு. அந்த வெள்ளைக்கு மட்டும் வேணாம்."

"ஏன், அதுக்கு இன்னா?" ரத்னம்மாவின் குரல் ஏறியது. "சீக்கு வந்ததுக்குத்தானே மருந்து? என் கோழின்றதால வேணான்றியா?"

"சீக்கு வந்ததுக்குப் போட்டா சீக்கிரமாச் சாவும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்போ இதை இன்னா பண்றது?"

காஞ்சனா அதைக் குனிந்து பார்த்தாள். வெள்ளைப் பெட்டை கொக்கென்று ஒரு சத்தம் எழுப்பித் தலையைத் தரையில் கவிழ்த்தது.

"தனியாக் கட்டுக்கா. தண்ணி வையி. வேற ஒண்ணியும் பண்ண முடியாது." பிறகு மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். "மத்ததுக்குப் போட்டாலும் கொஞ்சம் சாவும். உள்ள நோய் கீறது சாவும். என் கோழியும் சாவும். அப்புறம் நாந்தான் கொன்னேன்னு சொல்லுவ. சொல்லிக்கோ. இப்ப புடிச்சிக் குடு, கலக்கினா ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது."

ரத்னம்மா அவளை முறைத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பா... பா..." என்று கூப்பிட்டு நொய்யை இறைத்தாள்.

காஞ்சனா கையைக் கழுவி மருந்தைக் கலக்கினாள். ரத்னம்மா ஒவ்வொரு கோழியாக இறக்கையோடு அணைத்துத் தலையைச் சாய்த்துப் பிடிக்க, காஞ்சனா கண்ணில் ஒரு சொட்டு விட்டாள். கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே போகும்வரை பிடித்திருக்க வேண்டும். சேவல் திமிறி ரத்னம்மாவின் மணிக்கட்டைக் கீறியது. அவள் விடவில்லை. அடையில் இருந்த சாம்பலை எழுப்பாமல், உறுமலோடு உறுமலாகக் கூடையிலேயே சொட்டு விட்டார்கள். முடிந்ததும் குப்பியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. காஞ்சனா தெருவுக்கு ஓடிக் குரல் கொடுத்தாள். சிலர் கோழிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெள்ளைப் பெட்டை விடிவதற்குள் செத்தது. அதற்கு யாரும் காஞ்சனாவைக் குறை சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் சொட்டு போட்ட ரத்னம்மாவின் விடைக்கோழிகள் இரண்டு கழிய ஆரம்பித்தன. மாலைக்குள் இரண்டும் போயின.

"நல்லா துன்னுக்கினு இருந்ததுங்க," என்று கொட்டகையில் சடகோபன் தம்பியின் காதுபடச் சொன்னான். "மருந்து வுட்டாங்க, போச்சி." குழாயடியில் காஞ்சனா போனதும் பேச்சு நின்றது. சொட்டு போட மறுத்தவர்கள், நல்லவேளை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காஞ்சனா சோறு தின்னாமல் கிடந்தாள். விடிந்ததும் எழுந்து போய்க் கூடையைத் தூக்குவதற்கே கை வரவில்லை. தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று முதலில் காது கொடுத்தாள்.

ஒரு காலையில் கூடையைத் தூக்கியபோது எல்லாம் வெளியே ஓடின, செவலையைத் தவிர. அது உட்கார்ந்தபடியே இருந்தது. கழுத்து ஒரு பக்கமாக மெல்லத் திருகிக்கொண்டு போனது. காஞ்சனா அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். அலகின் ஓரமாக வழிந்தது. மதியத்துக்குள் உடம்பு விறைத்துவிட்டது.

ஓடையில் போட மாட்டாள். கொல்லையின் கோடியில் கடப்பாரையால் குழி தோண்டத் தொடங்கினாள். மண் காய்ந்து இறுகியிருந்தது, தோண்டத் தோண்ட அழுகை வந்தது. பின்னால் காலடி கேட்டது. ரத்னம்மா. இப்போது சொல்லப்போகிறாள் என்று காஞ்சனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரத்னம்மா செவலையைப் பார்த்தாள். உள்ளே போய், ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்போடு திரும்பி வந்தாள்.

"மருந்து கொல்லும்னா," என்றாள் மெதுவாக, "இதுக்கு நீ போட்டிருப்பியா? இது உனக்கு உசுரு." சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரைக்குக் கை நீட்டினாள். "குடு. ஆழமாத் தோண்டணும். நாய் கிளறும்."

அதன் பிறகும் ரத்னம்மாவின் கோழி ஒன்று செத்தது. அதோடு நின்றது. மேற்குத் தெருவில் கூவுவதற்குச் சேவலே இல்லாமல் போனது. கதவைச் சாத்திக்கொண்டவர்களில் பலருடைய கூடைகள் காலியாகக் கிடக்க, இந்தக் கொல்லையில் சாம்பல் பெட்டை குஞ்சு பொரித்தது. சில முட்டைகள் கூமுட்டையாகிவிட்டன. மற்றவற்றிலிருந்து வந்த குஞ்சுகள் மஞ்சளும் கறுப்புமாகக் கத்திக்கொண்டு திரிந்தன. துர்காதேவி வந்து பார்த்துவிட்டு ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து, இறக்கி விட்டாள். அவளுக்குக் குஞ்சு தருவதாகக் காஞ்சனா சொன்னாள். முதலில் கூண்டைக் கழுவிக் காயவைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அதுவரை கிடையாது என்றும் சொன்னாள்.

ஒரு சந்தை நாளில் ரத்னம்மா புத்தூரிலிருந்து பளபளவென்று ஒரு கறுப்புப் பெட்டையை வாங்கிக்கொண்டு வந்து, நேராகக் கொல்லையில் அவிழ்த்துவிட்டாள்.

காஞ்சனா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "அக்கா! உனக்கு இன்னா பைத்தியமா? எந்த ஊர்க் கோழியோ, எந்தச் சீக்கோ! புடி அதை! பத்து பதினஞ்சி நாள் தனியாக் கட்டணும்!"

"என் கொல்லைல என் கோழிய வுடறதுக்கு உன்னைக் கேக்கணுமா?"

"உன் கொல்லையா? பொதுக் கொல்லைக்கா இது!"

கத்தல் கேட்டு அண்ணன் தம்பி இருவரும் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கறுப்புப் பெட்டையை ஆளுக்கொரு பக்கமாக மடக்கிக்கொண்டிருந்தார்கள்.