மூன்றாம் மிஷினில் அசல் நம்பர்கள்

பேச்சிராஜாவைக் கண்டாலே ரேச்சலுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் திங்கட்கிழமை அவன் கழுத்தையே நெரிக்கலாம் போலிருந்தது.

கடலில் நிற்கிற படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஆப் செய்கிற ஆபீஸ் அது. புரோகிராமில் யார் கை வைத்தாலும், எச்சரிக்கை சரியாகப் போகிறதா என்று மூன்று மிஷினிலும் டெஸ்ட் தானாக ஓடும். இரண்டில் ரேச்சல் பொய் போன் நம்பர்களைப் போட்டிருந்தாள். மூன்றாவதை, "நான் பாத்துக்கிடுதேன்" என்று பிடுங்கிக்கொண்ட டீம் லீடு பேச்சிராஜா, அந்த மகராசன், படகுக்காரர்களின் அசல் நம்பர்களையே ஏற்றிவிட்டான். காலையில் எவனோ ஒரு வரியை மாற்ற, டெஸ்ட் ஓடி, கடலில் கிடந்த அத்தனை பேருக்கும் "புயல், உடனே கரை திரும்பவும்" என்று போய்விட்டது. ரேச்சலின் அப்பா சிலுவையும் வலையை அறுத்துப் போட்டுவிட்டு பெரியதாழைக் கரைக்கு ஓடி வந்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்டத்தான் அசல் நம்பரப் போட்டேன். ஒங்க ஆளுக பூசைக்குப் போயிருவாக, எவன் கடல்ல இருப்பான்னு நெனச்சேன்" என்றான் பேச்சிராஜா.

"மிஷினுக்குக் கெழம தெரியுமா சார்? அது வெறும் டெஸ்ட்டு, எங்க தப்புன்னு உள்ளதச் சொல்லி அனுப்புங்க."

"கம்பெனி மானத்த வாங்கப் பாக்கியா? வாய மூடுளா!"

அவள் கண்ணெதிரிலேயே எல்லாப் படகுக்கும் தட்டி அனுப்பினான்: "எச்சரிக்கை ரத்து. புயல் விலகியது."

வீட்டில் அவள் உண்மையைச் சொன்னபோது அப்பா காது கொடுக்கவில்லை. "கம்பெனியே புயல் வெலகிட்டுன்னு அனுப்பியிருக்கு. நீ என்னத்தயோ ஒளறுத." ரேச்சலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் நிஜமான எச்சரிக்கை போனது. படகுகள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ரேச்சல் அப்பாவுக்குப் போன் போட்டாள். நல்லவேளை, லைன் கிடைத்தது. காற்று இரைந்தது.

"பாத்தேம்ளா. அன்னைக்கு மாதிரி பின்னாலயே ரத்துன்னு வரும்லா? எல்லாரும் அதுக்குத்தான் நிக்கோம்."

"ரத்து வராதுப்பா! அன்னைக்கு வந்ததே பொய்ப்பா!"

"பெறவும் அதே பேச்சா? கம்பெனிக்காரன் சொல்லட்டும், திரும்புதேன்."

அவள் ஓடிப்போய்ப் பேச்சிராஜாவின் காதில் போனை வைத்து அழுத்தினாள். சாராவது மண்ணாவது.

"சொல்லுல! அன்னைக்கு அனுப்பினது அம்புட்டும் பொய்யின்னு ஒன் வாயால எங்கப்பாட்ட சொல்லுல!"

பேச்சிராஜா மானேஜரின் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தான். ஒருவழியாக, "அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தபோது சிக்னல் போயிருந்தது.