மூன்று கட்டங்கள்

பயிற்சி அறையில் ஒன்பது பேர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். சான் சால்வடாரின் பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி பதினேழில் ஓடியதால் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு தாள். அதில் நாற்பது ஆங்கில மரபுத்தொடர்கள், எதிரே ஸ்பானிய அர்த்தம்.

நொஎமி ஏழாவது வாரமாக அதைப் படிக்கிறாள். ஆங்கிலத்தில் மழை நாயும் பூனையுமாகப் பெய்யும். ரகசியத்தை வெளியே விடுகிறவன் பீன்ஸைக் கொட்டுவான். செத்துப்போகிறவன் வாளியை உதைப்பான். அவள் பதினாறு வருடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். ஏன் என்று கேட்காமல் எதையும் ஒப்பிக்காதே என்று அவர்களிடம் சொன்னவள். சுலபமான வேலையை அவள் மொழியில் தின்று முடித்த ரொட்டி என்பார்கள். இந்த ஆங்கிலக்காரர்களுக்கு அதற்குக்கூடக் கேக் துண்டு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் இடம் அது. இவர்கள் வேலை செய்யும் ஸ்பானியப் பிரிவை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். ஆங்கிலப் பிரிவில் ஐந்து இடம் இருக்கிறது. தேர்வு இதுதான்: நிஜ அழைப்பு ஒன்றை எடுத்து, அது முடிவதற்குள் தாளிலிருந்து மூன்று தொடர்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோல் இருக்க வேண்டுமாம். பயிற்சியாளர் பாத்ரெஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அவர் படிவத்தில் மூன்று கட்டங்கள். மூன்றிலும் டிக் விழாதவர்கள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அவள் வேலை பார்த்த பள்ளியை மூடிய பிறகு பதினான்கு மாதம் அலைந்து நொஎமிக்குக் கிடைத்த வேலை இது. நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு முறை அலையும் தெம்பு அவளுக்கு இல்லை.

பாத்ரெஸ் அமெரிக்காவில் வாழ்ந்தவர் இல்லை. மயாமி விமான நிலையத்தில் ஒருமுறை நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு மணி நேரத்தில் அமெரிக்கர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதை ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கே வாழ்ந்தவன், அவளோடு பயிற்சியில் இருந்த எல்மர். நான்கு வயதில் அம்மா இடுப்பில் அனுமதியில்லாமல் எல்லை தாண்டியவன். லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்து, வீடுகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தவனைப் போன வருடம் கையில் விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே விட்டுவந்த மகளின் பெயரை முன்கையில் பச்சை குத்தியிருந்தான். இங்கே பச்சை குத்தியவனைப் போலீஸ் ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவனாகப் பார்க்கும் என்பதால் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து புபூசா என்ற சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்னும்போது அவன்தான் அவளுக்கு ஒவ்வொரு தொடரையும் எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்று சொல்லிக்கொடுத்தான். தன் தாளின் ஓரமெல்லாம் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தான்.

"மழை பெஞ்சா அங்க மழைன்னுதான் சொல்லுவாங்க, டீச்சர்."

"அப்ப இந்த நாயும் பூனையும்?"

"அது பாத்ரெஸ் வீட்டு நாயும் பூனையுமா இருக்கும்."

அவள் புரையேறுமளவு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இவனோடு சேர்ந்து சிரித்தால் இவனோடு சேர்ந்துதான் வெளியே போகவேண்டிவரும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. விரல் எண்ணெயைத் துடைத்துவிட்டு அவனுக்கு முன்னால் எழுந்து உள்ளே போனாள்.

தேர்வில் எல்மரை முதலில் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு பெண்ணுக்கு மூன்று நாளாகப் போன் வேலை செய்யவில்லை. கத்திக்கொண்டு வந்தவள் நான்காவது நிமிடம் சிரித்தாள். அவள் வீட்டுக் கூரை ஒழுகும் கதைவரை பேச்சு போயிற்று. எந்தப் பக்கம் தார் பூச வேண்டும் என்று எல்மர் சொன்னான். போனும் சரியாயிற்று. பாத்ரெஸின் பேனா ஒருமுறைகூட அசையவில்லை.

"தாள்ல இருக்கறது ஒண்ணையும் காணோமே?"

"அந்தம்மாவுக்கு வேலை முடிஞ்சுது சார்."

"நான் அதைக் கேக்கல. நீங்க பேசறது கூரை வேலைக்காரன் இங்கிலீஷ், எல்மர். கஸ்டமருக்கு அது பிடிக்காது."

எல்மர் ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தான். நொஎமி தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வந்த அழைப்பு ஒஹையோவிலிருந்து. ஹாலிஸ் என்ற கிழவர். சொல்லுங்கள், முழுக்கக் காதாக இருக்கிறேன் என்றாள். முதல் கட்டத்தில் டிக். கணக்கில் இருவர் பெயர் இருப்பதைச் சரிபார்த்து, நாம் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறோம் என்றாள். இரண்டாவது டிக். அதன் பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். மனைவி செவ்வாய்க்கிழமை தவறிப்போய்விட்டாளாம். அவள் பெயரை எடுக்க வேண்டுமாம்.

"நாப்பத்தாறு வருஷமா ரெண்டு பேர் பேர்லதான் பில்லு வருது. எடுக்கறது ரொம்பக் கஷ்டமாம்மா?"

வருந்துகிறேன் என்ற எளிய வாக்கியம் அவள் நாக்கிலேயே இருந்தது. முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட வாக்கியம், ஆனால் அது தாளில் இல்லை. பாத்ரெஸ் பேனா முனையால் மூன்றாவது கட்டத்தைத் தட்டினார். அழைப்பில் இனிச் சொல்ல வேறெதுவும் பாக்கி இல்லை.

"இல்லவே இல்லை சார்," என்றாள் நொஎமி, சொல்லிக்கொடுத்திருந்த மலர்ந்த குரலில். "கேக் துண்டுதான்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. திரையின் மூலையில் விநாடிகள் ஓடுவதை அவள் பார்த்தாள். பதினொன்று.

"நல்லது, மிஸ்," என்றார் கிழவர். "ரொம்ப நன்றி."

அவர் திட்டியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"எவ்வளவு இயல்பா வந்துது பாருங்க," என்று பாத்ரெஸ் மற்றவர்களிடம் திரும்பினார்.

திங்கட்கிழமை அதே அறையில், அடுத்த தேர்வுக்காகப் புதிதாக எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல அழைப்புக்கு உதாரணமாக நொஎமியின் பதிவைப் போடப்போவதாகவும், அவளும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் பாத்ரெஸ் கூப்பிட்டிருந்தார். எட்டுப் பேருக்கு ஏழு தாள்தான் இருந்தது. அவர் இழுப்பறையில் தேடி இன்னொன்றை எடுத்து, ஒரு ரப்பரோடு அவளிடம் நீட்டினார்.

"டீச்சரா இருந்தவங்கதானே நீங்க? இந்தக் கிறுக்கலை அழிச்சுக் குடுத்துடுங்க."

எல்மரின் கையெழுத்து சின்னதாக, சாய்ந்து இருந்தது. நாய் பூனைக்குப் பக்கத்தில், யாரும் சொல்வதில்லை. வாளிக்குப் பக்கத்தில், முகத்துக்கு நேரே வேண்டாம். கேக்குக்குப் பக்கத்தில், சந்தோஷமாக இருப்பவர்களிடம் மட்டும்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. கிழவர் கஷ்டமா என்று கேட்டார். கேக் துண்டுதான் என்றாள் அவள். அந்தச் சொல் முடிந்ததுமே கிழவர் நல்லது மிஸ், ரொம்ப நன்றி என்றார். இடையில் இருந்த பதினொரு விநாடியை வெட்டி எடுத்திருந்தார்கள். எட்டுப் பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

தாள் கிழியாதபடி ஓரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் மேலிருந்து கீழாக அழித்தாள். துகள்களை ஊதிவிட்டு, கடைசி மேசையில் காத்திருந்த பெண்ணிடம் கொடுத்தாள்.