மாமாவின் மஞ்சள் காரும் ஒரு லாக்கும்

எங்கள் வீட்டில் பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அது என் தலையில்தான் விழும். கேஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தூங்குகிற என்னைத்தான் எழுப்பிக் கேட்பார்கள். இத்தனைக்கும் எனக்கு வயது பதினெட்டு. மாமா எனக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா. அதைப் பாராட்டு என்று நினைத்து நான் ரொம்ப காலம் சந்தோஷமாக இருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பல் டாக்டர். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அம்மா நச்சரித்து ஓய்ந்த சமயத்தில் அவர் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். எலுமிச்சை மஞ்சள், இரண்டே சீட், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஏற வேண்டியதில்லை, விழுந்தால் போதும். இறங்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும். அதற்குப் புலி என்று பெயர். புலியின் பெருமையை மாமா பெரும்பாலும் நோயாளிகளிடம்தான் சொல்வார், அதுவும் அவர்கள் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது.

"லேசா மிதிச்சாப் போதும் சார், முதுகு போய் சீட்டுல ஒட்டிக்கும். எல்லாராலயும் அத அடக்க முடியாது. இன்னும் கொஞ்சம் நல்லாத் திறங்க."

கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இந்த வசனம் மனப்பாடம். ஆனால் எனக்குத் தெரிந்து புலி ஓடியதெல்லாம் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவில்தான். ஒரே ஒரு முறை என்னை நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போனார். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தார், அது அவர் வழக்கம். அப்படியும் ஒரு பால் வேன் எங்களை முந்திக்கொண்டு போனது. மாமா அதைப் பெருந்தன்மையாகப் பார்த்து, "நான் அடக்கி ஓட்டுறேன்" என்றார்.

அந்த மனிதர்தான் ஒரு நாள் வாயை விட்டுவிட்டார். முதல் டெஸ்டிலேயே நான் லைசென்ஸ் வாங்கினால் புலியை ஓட்டத் தருவதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவருக்குக் கிடைத்தது நாலாவது டெஸ்டில் என்பதால் பயமில்லாமல் சொல்லியிருப்பார். நான் முதல் டெஸ்டிலேயே வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு தினம் ஒரு சாக்கு. இன்று மழை, நாளை டயரில் காற்றில்லை. ஒரு நாள் புலிக்கு மனசு சரியில்லை என்றுகூடச் சொன்னார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பொறுப்பான பெண்ணை எல்லோரும் நம்புவார்கள், ஆனால் கேஸை மூடுவதற்குத்தான் நம்புவார்கள். ஆசைப்படும்படியான ஒரு பொருளை நம்பி யாரும் என் கையில் கொடுத்ததில்லை. அந்தக் காரை ஒரு தடவையாவது ஓட்டியே தீருவது என்று இருந்தேன்.

கடைசியில் அம்மா தலையிட்டாள். "டேய், சொன்ன வாக்கக் காப்பாத்து. ஆனா ஒண்ணு. புதுசா ஓட்டுறவங்களுக்குன்னு இந்த மாதிரி காருங்கள்ல ஏதோ லாக் இருக்காமே, பேஷண்ட் ஒருத்தர் சொன்னாரு. ரோட்டுல இவ ஏறும்போது அது போட்டிருக்கணும்."

"அதெல்லாம் எனக்கு அத்துப்படிக்கா" என்றார் மாமா. அன்று சாயங்காலமே காரின் கையேட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "நீயே படிச்சு வெச்சுக்கோ" என்றார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

படித்தேன். லாக் போட்டால் எஞ்சின் பாதி பலத்தில்தான் ஓடும், எவ்வளவு மிதித்தாலும் எண்பதைத் தாண்டாது. போடவும் எடுக்கவும் நாலு இலக்க எண் வேண்டும். நாமாக மாற்றும்வரை அது நாலு பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னை ஒரு லாரி கம்பெனியின் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். லாரி ஒன்றுகூட இல்லாமல் அது காலியாகக் கிடந்தது. முதலாளி அவருடைய பேஷண்ட். வாய்க்குள் கருவி இருந்த நேரத்தில் அனுமதி கேட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிகளைச் சரிசெய்தேன், பெல்ட் போட்டேன், லாக் போடுவதற்காக முன்னாலிருந்த திரையைத் தொட்டேன். லாக் ஏற்கெனவே போடப்பட்டிருப்பதாகவும், நீக்கவா என்றும் அது கேட்டது. கீழே, போட்ட தேதி. கார் வீட்டுக்கு வந்ததற்கு முந்தின நாள். ஷோரூமில் யாரோ வண்டியைப் பத்திரமாக நகர்த்துவதற்காகப் போட்டவர், எடுக்க மறந்திருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து மாமா அடக்கிக்கொண்டிருந்தது பாதிப் புலியை.

"போட்டாச்சா?" என்றார் பக்கத்து சீட்டிலிருந்து.

"போட்டிருக்கு, மாமா."

அதில் பொய் எதுவும் இல்லை. விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்தான். திரும்பிப் பார்த்தேன். இதற்கென்றே வாங்கிய புதுக் கூலிங் கிளாஸோடு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சமையல், சட்டை, வழுக்கை என்று எதை எடுத்தாலும் குடும்பமே அவரைக் கிண்டல் செய்யும், நான் உட்பட. அவருக்கென்று இருந்த ஒரே கெத்து இந்தக் கார்தான். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஓட்டினேன். நேராகப் போய், வளைத்துத் திருப்பி, மெதுவாகப் பிரேக் பிடித்து, கோட்டுக்குள் நிறுத்தினேன். மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, பாய்ஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதுவும் பாயாததால் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"லாக்கோட ஓட்டினா பூனைக்குட்டி மாதிரி இருக்கு. இத வெச்சு புலிய எடை போட்டுடாத. இறங்கு. லாக்க எடு. நான் காட்டுறேன்."

லாக்கை உண்மையிலேயே எடுத்தால், வழக்கம்போல அடிவரை மிதிப்பார். மைதானத்தின் எதிர்முனையில் செங்கல் சுவர். இறங்குவதற்கு முன்னால் திரையை நாலு தடவை சும்மா தட்டிவிட்டு, "எடுத்தாச்சு, மாமா" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே பொறுப்பான பொய் அதுதான்.

இடம் மாறிக்கொண்டோம். மாமா மிதித்தார். கார் எப்போதும் போல உறுமிக்கொண்டு, எப்போதும் போலப் போனது.

"பாத்தியா? சத்தமே மாறிடுச்சு" என்றார். "வயித்துல ஒரு மாதிரி இருக்குமே?"

"இருக்கு, மாமா."

"பயப்படாத. நான் அடக்கிடுவேன்."

மூன்று சுற்று அடக்கிவிட்டு நிறுத்தினார். முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பில்தான் அதைச் சொன்னார். "இப்ப நீ ஒரு ரவுண்டு போ. லாக் இல்லாம. ரோட்டுலதான அம்மா வேணாம்னா, இது ரோடா? நீ ஒழுங்காத்தான் ஓட்டுற. உன்ன நம்பறேன்."

லாக் இல்லாத காரை அவர் என்னை நம்பிக் கொடுக்கிறார். லாக்கோடு ஓட்டிவிட்டு வந்தால் அந்த நம்பிக்கையை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை என்று ஆகிவிடும். எனக்கும் ஆசை இருக்காதா? மறுபடி இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், மைதானத்தில் ஆள் இல்லை என்று உறுதிசெய்தேன், சுவரிலிருந்து எதிர்ப்பக்கமாகக் காரைத் திருப்பிவைத்தேன். அவர் கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் திரையைத் தொட்டேன். நாலு பூஜ்யம். நீக்கு. அவருக்கு வித்தியாசமே தெரியாதபடி பூப்போல ஓட்டிவிட்டு, மறுபடியும் போட்டுவிடுவதாகத் திட்டம்.

காலை லேசாகத்தான் வைத்தேன். முதுகு போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. மாமாவின் கூலிங் கிளாஸ் எங்கேயோ பறந்தது. உடனே காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பதறாமல் பிரேக் போட்டு நிறுத்தினேன். எதிலும் இடிக்கவில்லை.

மாமா காலடியில் கூலிங் கிளாஸைத் தேடி எடுத்தார். பிறகு, "எவ்ளோ மிதிச்ச?" என்றார்.

"லேசாத்தான், மாமா."

"நான் ஓட்டினப்ப லாக் எடுத்திருந்ததான?"

இதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல, மாமா."

"அதுக்கு முன்னாடி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாங்கினதுலருந்தா?"

"ஷோரூம்ல மறந்துட்டாங்க போல."

பல்லைப் பிடுங்கிக்கொண்ட அவருடைய பேஷண்ட் போலக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏன் சொல்லல?"

"நீங்க அடிவரைக்கும் மிதிப்பீங்க, மாமா. செவுத்துக்குள்ள போயிருப்போம்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவும் இல்லாம, நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

என்னைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "திரும்பப் போட்டுடு" என்றார் மெதுவாக.

"ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி போடுறேன், மாமா."

"உனக்கில்ல. எனக்கு." திரையைக் காட்டினார். "நம்பர மாத்திடு. உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். இங்க வர்றப்பல்லாம் நீ எடுத்து ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா எங்கிட்ட நம்பரச் சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத. கெஞ்சினாலும் சொல்லாத."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் லாக்கைப் போட்டு, புது எண் வைத்தேன். சந்தோஷத்தில் முதல் தடவை தப்பாக அழுத்திவிட்டேன். வீட்டுக்கு நானே ஓட்டும்படி சொன்னார்.

மைதானத்தின் கேட்டுக்குக்கூட நாங்கள் வந்து சேரவில்லை.

"முதல் நம்பர் மட்டும் சொல்லேன்" என்றார்.

நான் இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டில் ஏறினேன்.