எதிர்ப்பக்கம் சுற்றிய கைகள்

சௌமியாவைக் கடைசி நிமிஷம் வரை நம்பினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வேலை. ஷூவின் இடது கால் துண்டைப் பார்த்து, அதன் ஜோடியான வலது காலை அட்டையில் வரைவேன். மூன்று வருடப் பழக்கம், கை தானாகவே போகும்.

எங்கள் இயற்பியல் துறைக் கருத்தரங்கில் முதலிடம் பெறுகிறவருக்கு வானாய்வகத்தில் இரண்டு மாதப் பயிற்சி. ஒரே இடம். அதற்காக ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலத்தின் புகைப்படத்தோடு ஆறு வாரம் மல்லுக்கட்டினேன். நடுவில் வயதான விண்மீன்களின் மஞ்சள் பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் வளைந்து கிளம்பும் நீலக் கைகள். பட்டையின் நீளம் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று அளந்து, நோட்டில் படமும் வரைந்தேன்.

"நோட்டைக் குடு மெர்சி, பாத்துட்டு நாளைக்குத் தர்றேன்" என்றாள் சௌமியா. என் வகுப்புதான், அணைக்கட்டு ஊர்ப் பெண். கொடுத்தேன். அப்புறம் கேட்டபோதெல்லாம் ஹாஸ்டலில் மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

கருத்தரங்கில் அவள் முறை எனக்கு முன்னால் வந்தது. திரையில் என் படம், என் அளவு, என் வாக்கியங்கள். அடுத்து நான் எழுந்து பேசினால் நான்தான் காப்பியடித்தவள்.

நடுவராக இருந்த ஜஹீருன்னிசா மேடம் கேட்டார்: "போட்டோல கைங்க ஒரு பக்கம் சுத்துது. நீ வரைஞ்சதுல எதிர்ப்பக்கம் சுத்துதே, ஏன்?"

சௌமியா, பரீட்சையில் பார்ப்பதுபோல, கூச்சமே இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. புகைப்படத்தைப் பார்த்து என் கை, இடது காலுக்கு வலது கால்போல, அதன் ஜோடியை வரைந்திருக்கிறது!

எழுந்தேன். "அந்தத் தப்பு என்னுது மேம். ஷூ கம்பெனியில ஜோடி வரைஞ்சே பழகின கை." கரும்பலகையில் ஒரு இடது கால் துண்டையும், பக்கத்தில் அதன் வலது காலையும் ஒரே மூச்சில் வரைந்து காட்டினேன்.

மேடம் பலகையிலிருந்து திரைக்குத் திரும்பினார். "அப்ப மிச்சம்?"

"மிச்சமும் என்னுதுதான் மேம்."

இடம் எனக்குக் கிடைத்தது. வெளியே சௌமியா நோட்டை நீட்டினாள். "நீ சும்மா இருந்திருந்தா இன்னா கொறைஞ்சி போயிருக்கும்? தோஸ்துன்னு ஒரு இது வேணாமா?"

நோட்டைப் பிரித்தேன். என் பெயர் எழுதியிருந்த முதல் பக்கத்தைக் கிழித்திருந்தாள்.